கல் அரைக்கும் கிளிமீன்

பெல்மதுளைச் சந்தியில் எந்தப் பஸ்ஸில் ஏறினாலும் கடைசியில் கடல்தான். மேற்கே இரத்தினபுரி வழியாகப் போனால் கொழும்பு. கிழக்கே பலாங்கொடை, வெல்லவாய, மொனராகலை, பொத்துவில் என்று போய்க்கொண்டேயிருந்தால் அதே ஏ4 வீதி மட்டக்களப்பில் கொண்டுபோய் இறக்கிவிடும். தெற்கே பிரியும் ஏ18 எம்பிலிப்பிட்டியைத் தாண்டி நோனாகமவில் கரையோர வீதியைத் தொடும். எங்கள் பக்கத்து வே கங்கையும் அப்படித்தான். இரத்தினபுரிக்கு அருகே களு கங்கையில் கலந்து, களுத்துறையில் கடலில் விழுகிறது.

இருந்தும் தோட்டத்தில் வளர்ந்த எங்களுக்குக் கடல் என்பது மீன்காரரின் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் ஐஸ்கட்டியோடு வருவது. சூடை, பலயா, கெலவல்லா, காசு குறைந்த கிழமைகளில் நெத்தலிக் கருவாடு. நிறமுள்ள மீன் அந்தப் பெட்டியில் வந்ததாக எனக்கு ஞாபகமில்லை. மீனுக்கு நிறம் உண்டு என்பதை நான் முதலில் கண்டது ஹிக்கடுவையில், பாடசாலைச் சுற்றுலாவில், அடியில் கண்ணாடி பதித்த படகு ஒன்றில்தான். பச்சையும் நீலமும் கலந்து, உதட்டோரத்தில் இளஞ்சிவப்புத் தீற்றலோடு ஒரு மீன் கண்ணாடிக்குக் கீழே வந்து நின்றது. வாய் இருக்க வேண்டிய இடத்தில் கிளியின் அலகு. படகோட்டி சிங்களத்தில் ‘கிரா மாலு’ என்றார். தமிழிலும் அதே பெயர்தான், கிளிமீன். அந்த அலகைப் பார்த்த யாருக்கும் வேறு பெயர் தோன்றியிராது.

பல வருடம் கழித்து அதே கடலில் முகத்தில் கண்ணாடி மாட்டிக்கொண்டு தலையை அமிழ்த்தியபோது, கண்ணுக்கு முன்னால் காதுக்கு வேலை வந்தது. கறுக், கறுக் என்று ஒரு சத்தம். பச்சை மாங்காயை உப்பு மிளகாய்த்தூளோடு கடிக்கிற பிள்ளைகள் பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. கிளிமீன்கள் கல்லைக் கடித்துக்கொண்டிருந்தன. ஒவ்வொரு கடிக்கும் பின்னால் முருகைக்கல்லில் வெள்ளைத் தழும்பு ஒன்று மிஞ்சியது, உளி பட்ட இடம்போல. (நாம் முருகைக்கல் என்பதைத் தமிழகத்தார் பவளப்பாறை என்பார்கள்.) அந்தக் கூட்டத்தில் ஒரு மீன் சட்டென்று விலகி நீந்தியது. அதன் பின்னால் புகைபோல் ஒரு வெள்ளைக் கோடு இறங்கிக் கலைந்தது. அது கழித்த மணல்.

இரத்தினக்கல் பூமியில் பிறந்தவர்களுக்குக் கல்லின் கடினம் தெரியாமல் இருக்காது. எது எதைக் கீறும் என்பதுதான் கணக்கு. 1812இல் ஜெர்மனியைச் சேர்ந்த பிரெட்ரிக் மோஸ் வகுத்த அளவுகோலில் வைரம் 10. நீலக்கல்லும் சிவப்புக்கல்லும் 9; இரண்டும் ஒரே கனிமம், குருந்தம். ஆங்கிலேயர் அதற்கு இட்ட பெயரும் நம் குருந்தத்திலிருந்து போனதுதான். முருகைக்கல் சுண்ணாம்பால் ஆனது, அந்த அளவுகோலில் 3க்கும் 4க்கும் இடையில் நிற்கும். கிளிமீனின் பல் 5ஆம் படியில் இருக்கும் அப்பட்டைட் என்ற கனிமத்தின் ஒரு வகை. ஆகவே பல் கல்லைக் கீறும், கல் பல்லைக் கீறாது. இந்த அப்பட்டைட் நமக்குப் புதிது அல்ல. எப்பாவலவில் 1971இல் கண்டுபிடிக்கப்பட்ட பொஸ்பேட் பாறை அதே இனம்தான். அதைப் பொடியாக்கித் தேயிலைக்கும் ரப்பருக்கும் உரமாகப் போட்ட கைகள் எங்கள் தோட்டங்களில் எத்தனையோ. தேயிலைச் செடி வேரால் கரைத்து உண்ணும் பொருளை இந்த மீன் வாயில் ஆயுதமாக வளர்த்து வைத்திருக்கிறது.

ஆனால் கனிமம் மட்டும் போதாது. நம் பல்லிலும் அப்பட்டைட் இருக்கிறது, அதற்காக நாம் கல்லைக் கடித்தால் பல்தான் போகும். 2017இல் மத்தியூ மார்கஸ், பூபா கில்பர்ட் ஆகியோரும் சகாக்களும் கலிபோர்னியாவின் பெர்க்லி ஆய்வுகூடத்தில் சக்திவாய்ந்த எக்ஸ்கதிர்களைச் செலுத்தி ஒரு கிளிமீன் இனத்தின் அலகை ஆராய்ந்தார்கள். அந்த அலகு ஒரே எலும்புத் துண்டு அல்ல. ஏறத்தாழ ஆயிரம் சிறு பற்கள், பதினைந்து வரிசைகளில் நெருங்கி நின்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டவை. ஒவ்வொரு பல்லுக்குள்ளும் இழை இழையான படிகக் கட்டுகள், கொழுந்துக் கூடையின் பின்னலைப்போல் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கின்றன. பல்லின் நுனியை நெருங்க நெருங்கக் கட்டுகள் மெலிகின்றன, பின்னல் இறுகுகிறது, கடினம் கூடுகிறது. நுனியின் கடினம் செம்பையும் வெள்ளியையும் தங்கத்தையும் விஞ்சுகிறது. ஓரிடத்தில் விரிசல் விழுந்தாலும் பின்னல் அதை மேலே ஓடவிடாது. முன்வரிசை தேய்ந்து உதிர்ந்தால் பின்வரிசை முன்னுக்கு வருகிறது. தீட்ட வேண்டிய தேவையே இல்லாத உளி.

அலகு வெட்டிய துண்டு நேரே வயிற்றுக்குப் போவதில்லை. இந்த மீனுக்கு வயிறு என்று சொல்லத்தக்க உறுப்பே இல்லை, நீண்ட குடல் மட்டும்தான். அதற்கு முன்னால் தொண்டையில் இன்னொரு தாடை இருக்கிறது. கீழே குழிந்த ஒரு எலும்பு, அது அம்மி. மேலே புடைத்த இரண்டு எலும்புகள், அவை குழவி. இரண்டிலும் வரிசை வரிசையாகப் பல். மீன் விழுங்கும்போது குழவி அம்மிமேல் முன்னும் பின்னும் உராய்கிறது. கல் மாவாகிறது. நம் பாட்டிமார் மஞ்சள் அரைத்ததற்கும் இதற்கும் பொறிமுறையில் பெரிய வித்தியாசம் இல்லை.

இவ்வளவு பாடுபட்டு அது தேடுவது என்ன? நான் படித்த பழைய புத்தகங்களில் கிளிமீன் முருகை உயிர்களைத் தின்னும் என்று இருந்தது. வேறு சிலவற்றில் கல்மேல் படரும் பாசியைத் தின்னும் என்று இருந்தது. நியூசிலாந்தின் ஒக்லாந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கென்டல் கிளெமென்ட்ஸும் சகாக்களும் 2017இல் வேறு விளக்கம் ஒன்றை முன்வைத்தார்கள். பெரும்பாலான கிளிமீன்கள் குறிவைப்பது கல்லின் மேற்பரப்பிலும் உள்ளேயும் துளைத்து வாழும் நுண்ணுயிர்களை, முக்கியமாக நீலப்பச்சைப் பாசி எனப்படும் சயனோபக்டீரியாக்களை. கண்ணுக்குத் தெரியாதவை, புரதம் நிறைந்தவை. செத்த முருகைக்கல் வெறும் கல்லாகத் தெரிகிறது, ஆனால் அதன் தோலுக்கடியில் பச்சைக் கோடாக உயிர் ஓடிக்கொண்டிருக்கிறது. உயிருள்ள முருகையையும் சில இனங்கள் கடிக்கத்தான் செய்கின்றன. அது உணவில் சிறு பங்கு.

இதைப் படித்தபோது எனக்கு மாணிக்கக் குழிதான் ஞாபகத்துக்கு வந்தது. எங்கள் பக்கத்தில் ஆளடி ஆளடியாக மண்ணைத் தோண்டி, மரச்சட்டம் வைத்து, பன்னம் இலை திணித்து, தண்ணீரை இறைத்துக்கொண்டே இறங்கி, கடைசியில் இல்லம் என்ற சரளைப் படையை அடைவார்கள். அந்த இல்லத்தை மேலே ஏற்றி மூங்கில் கூடையில் இட்டு, தண்ணீரில் சுழற்றிச் சுழற்றி அரிப்பார்கள். மலைபோல் குவிந்த சரளையில் ஒரு கல் அகப்பட்டால் அன்று விருந்து. கிளிமீன் செய்வதும் இல்லம் அரிப்பதுதான். வெளிச்சம் இருக்கும் நேரமெல்லாம் ஆயிரக்கணக்கான தடவை கல்லைக் கொத்தி, அரைத்து, அதில் பொதிந்த துளி உயிரை எடுத்துக்கொண்டு மற்றதையெல்லாம் கொட்டிவிடுகிறது. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. குழியிலிருந்து அரித்துக் கொட்டிய சரளை ஓரமாகக் குவிந்து கிடக்கும். கிளிமீன் கொட்டியதோ தீவாகிறது.

மாலைதீவில் வக்காரு என்று ஒரு தீவு. எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தின் கிறிஸ் பெரியும் சகாக்களும் அதைச் சுற்றியுள்ள பாறைத்திட்டில் புதிதாக உருவாகும் மணலின் கணக்கை எடுத்து 2015இல் வெளியிட்டார்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 685 தொன் மணல். பாறைத்திட்டின் வெளிப்பகுதியில் உருவாகும் மணலில் 85 சதவீதத்துக்கும் மேல் கிளிமீனின் குடல் வழியாக வந்தது. மாலைதீவில் ஆறு கிடையாது, மலை கிடையாது. அங்கே மனிதர் கால் வைத்திருக்கும் நிலம் முழுவதும் கடல் உயிர்கள் கட்டித் தந்தது, அதன் பெரும் பங்கைச் சுமந்தது இந்த மீன். பெரிய உடல்வாகுள்ள கிளிமீன் ஒன்று ஆண்டுக்குச் சில நூறு கிலோ மணல் தரும். பசிபிக்கில் வாழும் நெற்றி புடைத்த இராட்சதக் கிளிமீன் 1.3 மீற்றர் நீளம் வரை வளர்வது. அது ஆண்டுக்கு 5 தொன்னுக்குக் குறையாத கல்லை விழுங்குகிறது.

இலங்கைக் கரையைப் பற்றி அப்படிச் சொல்லிவிட முடியாது. நம் கடற்கரைகளின் மணலில் பெரும்பகுதி ஆறுகள் மலையிலிருந்து அரித்துக்கொண்டு போன குவார்ட்ஸ். களு கங்கை சிவனொளிபாத மலையில் புறப்பட்டு 129 கிலோமீற்றர் ஓடி அந்த வேலையைச் செய்கிறது. ஆனால் முருகைப் பாறைக்குப் பின்னால் ஒதுங்கிய ஹிக்கடுவை, பாசிக்குடா போன்ற இடங்களில் மணலை உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தால் இரண்டு ஆலைகளின் சரக்கும் கலந்திருப்பது தெரியும். ஒன்று ஆறு, மற்றது மீன்.

கிளிமீன் இனங்கள் உலகத்தில் ஏறத்தாழ நூறு. எல்லாம் வெப்பக் கடல்களில், பெரும்பாலும் சூரிய ஒளி நன்றாக விழும் ஆழமற்ற நீரில். நம் தீவைச் சுற்றி அவற்றுக்கு மூன்று விதமான வீடுகள் அமைந்திருக்கின்றன. முருகைப் பாறை, மணற்கல் பாறை, மலைநாட்டுப் பாறையின் இனத்தைச் சேர்ந்த பழங்காலக் கருங்கல் பாறை. ஹிக்கடுவை, வெலிகம, பாசிக்குடா, திருகோணமலைப் புறாத்தீவு, கற்பிட்டிக்கு அப்பால் உள்ள பார் ரீஃப், மன்னார் வளைகுடா என்று எங்கு மூழ்கினாலும் ஏதாவது ஒரு கிளிமீன் கண்ணில் படும். அதிகம் காணக்கிடைப்பது ஸ்காரஸ் கோபன். இளமையில் மஞ்சள் உடம்பில் நீலப் பட்டைகள் இறங்கும். பிறகு அதே மீன் பச்சையும் நீலமுமாக மாறும். கோபன் என்பது அரபுப் பெயர். செங்கடலில் மீன் சேகரித்த பீட்டர் போர்ஸ்கால் அங்கே கேட்ட சொல்லையே விஞ்ஞானப் பெயராக எழுதிவைத்தார். 1763இல் யேமனில் அவர் இறந்து, 1775இல்தான் அந்தப் புத்தகம் அச்சேறியது. செம்படவரின் சொல்லுக்கு அவர் தந்த மரியாதை எனக்குப் பிடிக்கும்.

பாறையை விட்டுக் கடற்புல்லில் வாழும் இனமும் உண்டு. பச்சையும் பழுப்புமாகப் புல்லின் நிறத்திலேயே இருக்கும், அசையாமல் நின்றால் அடையாளம் காண முடியாது. இலங்கைக் கடலிலிருந்து முதன்முதலாக விவரிக்கப்பட்ட இனம் ஒன்றும் இருக்கிறது. 1997இல் மீனியல் அறிஞர் ஜோன் ராண்டலும் அண்டர்சனும் பெயரிட்ட குளோரூரஸ் ரக்கூரா. கிரேக்கத்தில் கந்தலான வால் என்று பொருள். வால் ஓரம் நைந்த துணிபோல் பிசிறடித்திருப்பதால் அந்தப் பெயர். அத்தனை காலம் கரையோரத்தார் கண்முன்னால் நீந்திய மீன் இருபதாம் நூற்றாண்டின் கடைசியில்தான் புத்தகத்தில் ஏறியது.

இந்தக் குடும்பத்துக்குப் பெயர் வைத்தவர்கள் பட்ட பாடு பெரிது. பழைய இயற்கையியலாளர்கள் சாம்பல் நிற மீனைப் பிடித்தால் ஒரு பெயர், அதே பாறையில் பச்சை மீனைப் பிடித்தால் வேறு பெயர் என்று எழுதிக்கொண்டே போனார்கள். இனங்களைவிடப் பெயர்கள் பல மடங்கு பெருகின. ஒரே மீன்தான் சட்டையை மாற்றிக்கொண்டு இரண்டு முறை வந்திருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. பெரும்பாலான கிளிமீன்கள் மங்கிய நிறப் பெண்ணாக வாழ்வைத் தொடங்குகின்றன. வளர்ந்தபின் அவற்றில் சில ஆணாக மாறுகின்றன. சூலகம் சுருங்கி விந்தகம் உருவாகிறது, உடம்பில் பச்சையும் நீலமும் இளஞ்சிவப்பும் ஏறுகின்றன. ஒரு பரப்பைக் காவல்காக்கும் பெரிய ஆண் மீனோடு பல பெண் மீன்கள் சேர்ந்து வாழும் இனங்களில், அந்த ஆண் போய்விட்டால் இருப்பவற்றில் பெரிய பெண் ஒன்று அந்த இடத்துக்கு மாறுகிறது. பிறப்பிலேயே ஆணாக இருந்து, பெண்ணின் மங்கிய நிறத்தைப் போர்த்திக்கொண்டு கூட்டத்துக்குள் திரியும் மீன்களும் உண்டு. மேலே சொன்ன கடற்புல் மீன் இதற்கெல்லாம் விலக்கு, அது மாறுவதில்லை.

இதில் ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. பிடிப்பவருக்குப் பெரிய மீன் வேண்டும். பெரிய மீன் பெரும்பாலும் ஆண். பெரிய ஆண்களையே தொடர்ந்து பிடித்தால் பெண்கள் சிறிதாக இருக்கும்போதே மாறத் தொடங்குகின்றன. முட்டையிட வேண்டிய வயதில் முட்டையிட ஆள் குறைகிறது. உடம்பு சிறுத்தால் அலகும் சிறுக்கும், ஒரு கடியில் பெயரும் கல்லும் குறையும். எண்ணிக்கை குறையாவிட்டாலும் வேலை குறைந்துவிடும்.

பிடிப்பதும் கடினமல்ல, இரவில் போனால். பகலெல்லாம் உழைத்த கிளிமீன் இருட்டியதும் கல் இடுக்கில் ஒண்டி அசந்து தூங்கும். சில இனங்கள் தூங்குமுன் செவுள் அறையில் உள்ள சுரப்பிகளிலிருந்து வழவழப்பான பசையைச் சுரந்து வாய் வழியாக வெளியேற்றுகின்றன. அது மெல்ல விரிந்து தலையிலிருந்து வால்வரை மீனை மூடுகிறது. கண்ணாடிப் பைக்குள் வைத்ததுபோல் மீன் உள்ளே கிடக்கும். எதற்கு இந்தப் பை என்று பல யூகங்கள் இருந்தன. விலாங்கு மோப்பம் பிடிக்காமலிருக்க என்று நீண்ட காலம் நம்பினார்கள். அவுஸ்திரேலியாவின் லிசார்ட் தீவில் அலெக்சாண்ட்ரா குரட்டரும் சகாக்களும் செய்த சோதனை 2011இல் வெளிவந்தது. கடலிலும் இரவில் இரத்தம் உறிஞ்சும் பூச்சிகள் இருக்கின்றன. இறால் நண்டு வகையைச் சேர்ந்த மிகச் சிறிய உயிர்கள், பெயர் நத்தியிட். பை அகற்றப்பட்ட மீன்களில் 95 சதவீதத்தை அவை கடித்தன. பைக்குள் தூங்கியவற்றில் கடிபட்டவை 10 சதவீதம். பையைச் செய்ய அந்த மீனுக்குச் செலவாவது ஒரு நாள் சக்தியில் 2.5 சதவீதம்தான். ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைக்கு இட்ட தலைப்பிலேயே அதைக் கடலின் நுளம்பு வலை என்றார்கள். டெங்குவுக்குப் பயந்து மழைக்காலம் முழுக்க வலைக்குள் பிள்ளைகளைத் தூங்கவைக்கும் சப்ரகமுவத் தாய்மாருக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

நுளம்பு வலை நத்தியிட்டைத் தடுக்கும், டோர்ச் வெளிச்சத்தோடு வரும் ஈட்டியைத் தடுக்காது. உலகத்தின் பல பாறைக் கடல்களில் கிளிமீனை அழித்ததில் இந்த இரவு வேட்டைக்கும் பங்குண்டு. தூங்கும் மீனைக் குத்துவது கடல்தொழில் ஆகாது என்பது என் எண்ணம்.

அழிந்தால் என்ன ஆகும் என்பதைக் கரீபியன் கடல் காட்டிவிட்டது. 1983இல் அங்கே நீண்ட முள்ளுள்ள கடல் முள்ளெலிகள் நோய் கண்டு ஏறக்குறைய முழுவதும் செத்தன. பாசியை மேய அவைபோக மிஞ்சியிருந்தவற்றில் முக்கியமானது கிளிமீன், அதையும் பல இடங்களில் முன்பே பிடித்துத் தீர்த்திருந்தார்கள். பாசி தழைத்துப் பாறையை மூடியது. முருகையின் குஞ்சு மிதந்து வந்து ஒட்டிக்கொள்ள வெறுங்கல் வேண்டும். பாசி மெத்தையில் அதற்கு இடம் கிடைப்பதில்லை. 1970 தொடங்கி 2012 வரையான தரவுகளைத் திரட்டி 2014இல் வந்த அறிக்கை, அந்தக் கடலின் முருகையில் பாதிக்கும் மேல் போய்விட்டது என்றது. செய்ய வேண்டியவற்றில் கிளிமீனைக் காப்பதை முன்னால் வைத்தது. பெலீஸ் நாடு அதற்கு முன்னரே 2009இல் கிளிமீன் பிடிப்பதைத் தடை செய்திருந்தது.

இன்னொரு சாட்சி பனாமாவின் கடலடி மணலிலிருந்து வந்தது. கேட்டி கிரேமரும் சகாக்களும் பாறைத்திட்டில் குழாயை இறக்கி 3,000 ஆண்டுகளாகப் படிந்த படைகளை வெளியே எடுத்தார்கள். ஒவ்வொரு படையிலும் உதிர்ந்த கிளிமீன் பற்களை எண்ணினார்கள். பல் மிகுந்த காலத்தில் பாறை வேகமாக வளர்ந்திருக்கிறது. பல் குறைந்தபோது பாறையின் வளர்ச்சியும் தளர்ந்திருக்கிறது. இது 2017இல் வெளிவந்தது. மண்ணுக்குள் கிடக்கும் பல்லை வைத்துப் பழைய காலத்தைப் படிக்கும் வித்தை எங்கள் மாவட்டத்துக்குப் பழக்கமானது. இரத்தினபுரி மாணிக்கக் குழிகளின் சரளையிலிருந்து நீர்யானையின் பல்லும் காண்டாமிருகத்தின் பல்லும் வந்திருக்கின்றன, இலங்கையில் இன்று இல்லாத மிருகங்கள். அவற்றைத் தேடிச் சேர்த்து விவரித்தவர் தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராக இருந்த பி. ஈ. பி. தெரணியகல. அவரே மீனியலாளரும்கூட. 1952இல் இலங்கை மீன்களைப் பற்றி வண்ணப் படங்களோடு நூல் எழுதியவர். குழியின் பல்லும் கடலின் மீனும் ஒரே மனிதரின் மேசையில் இருந்திருக்கின்றன.

நம் பாறைகளுக்கு வந்த பெருஞ்சோதனை 1998. எல்நினோவால் கடல் சூடேறி, பார் ரீஃபிலும் ஹிக்கடுவையிலும் முருகை வெளிறிச் செத்தது. பார் ரீஃப் சில வருடங்களில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மீண்டு வந்தது. ஹிக்கடுவையில் ஹலிமெடா என்ற சுண்ணாம்புப் பாசி முருகைமேல் ஏறிப் படர்ந்தது. 2016இல் மறுபடியும் வெளிறல். 2024 ஏப்ரலில் உலகளாவிய நான்காவது வெளிறல் நடந்துகொண்டிருப்பதாக அறிவித்தார்கள். சூட்டைக் கிளிமீன் தணிக்காது. எரிந்த காட்டில் களை முளைக்காமல் பார்த்துக்கொண்டால் மரம் திரும்ப வர இடம் இருக்கும், அவ்வளவுதான் அதன் கையில். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

பாறையே இல்லாமல் போனால் மேய்வதற்கும் இடமில்லை. அம்பலாங்கொடை தொடங்கித் தெற்குக் கரையோரமாக முருகைக்கல் சூளைகள் வரிசையாகப் புகைந்த காலம் ஒன்று இருந்தது. 1984இல் எடுத்த கணக்கின்படி ஆண்டுக்கு ஏறத்தாழ 18,000 தொன் முருகைக்கல் சூளைக்குப் போனது. அதில் பெரும்பகுதி அக்குரல போன்ற இடங்களில் கரைக்கு உள்ளே புதைந்து கிடந்த பழங்காலக் கல், ஒரு பகுதி கடலிலிருந்தே உடைத்தெடுத்தது. சுட்ட கல் சுண்ணாம்பாகி மேலே ஏறியது. தீபாவளிக்கு லயத்துச் சுவரில் அடித்த வெள்ளையும், எங்கள் பாட்டி வெற்றிலையில் தடவிய சுண்ணாம்பும் அந்தக் கல்லின் வம்சம்தான். தெரிந்து செய்தவர் எங்களில் யாருமில்லை, சூளையில் கை வெந்தவர்களும் ஏழைகள்தான். 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும் 1988இல் அதற்கு வந்த திருத்தமும் கரையோர வலயத்தில் முருகைக்கல் எடுப்பதைத் தடை செய்தன. திருட்டுத்தனமாக எடுப்பது நிற்கவில்லை. மன்னார் வளைகுடாவின் மறுகரையிலும் இதே கதை. தமிழகக் கடலில் உள்ள 21 தீவுகளில் இரண்டு, கல் எடுத்ததால் அரிக்கப்பட்டுக் கடலுக்குள் அமிழ்ந்துவிட்டன.

2004 டிசம்பர் 26இல் பெரலியவில் ரயிலை அலை அடித்துக்கொண்டு போனது; ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அங்கிருந்து சில கிலோமீற்றர் தெற்கே இருக்கும் ஹிக்கடுவையில் அழிவு ஒப்பீட்டளவில் குறைவு. ஹரீந்திர பெர்ணாண்டோவும் சகாக்களும் 2005இல் இதைப் பற்றி எழுதினார்கள். பெரலியவில் அலை 10 மீற்றர் எழுந்து 1.5 கிலோமீற்றர் உள்ளே புகுந்தது, ஹிக்கடுவையில் 2 முதல் 3 மீற்றர்தான். முன்னதன் கடலில் முருகைக்கல்லை வெட்டி எடுத்திருந்தார்கள், பின்னதில் பாறை இருந்தது. வேறு காரணங்களும் சேர்ந்திருக்கலாம் என்று சொல்வோர் உண்டு. எனக்கு அந்த இரண்டு எண்களையும் அருகருகே படித்த நாள் மறக்காது.

சேறும் இந்த மீனுக்குப் பகை. கல்லின்மேல் குட்டையாகப் படரும் பாசிக்குள் வண்டல் படிந்துவிட்டால் மேயும் மீன்கள் அந்த இடத்தில் கடிப்பதை வெகுவாகக் குறைத்துக்கொள்கின்றன என்று அவுஸ்திரேலியப் பாறைகளில் செய்த சோதனைகள் காட்டின. வண்டலை அகற்றினால் திரும்ப வந்து மேய்கின்றன. ஹிக்கடுவையிலும் பாறைமேல் மணலும் சேறும் படிவது நெடுநாள் தொல்லை. கடலுக்கு எங்கிருந்தெல்லாம் சேறு வருகிறது என்பதைப் பார்க்க நான் அங்கே போக வேண்டியதில்லை. 2003 மே மாதமும் 2017 மே மாதமும் வெள்ளம் வந்தபோது களு கங்கை தேநீர் நிறத்தில் ஓடியதைக் கரையில் நின்று பார்த்தவர்கள் நாங்கள். மலைச்சரிவில் கான் வெட்டுகிறார்களே, அது மழைத்தண்ணீரை வேகம் குறைத்து வழிநடத்தி மேல்மண்ணைப் பிடித்துவைக்கத்தான். கவ்வாத்து வெட்டிய தழையை மலையிலேயே பரப்பி விடுவதும் அதற்குத்தான். கான் தூர்ந்த மலையிலிருந்தும், மூடாமல் விட்ட மாணிக்கக் குழியிலிருந்தும் இறங்கும் மண் இந்த ஆற்றில்தான் சேர்கிறது. மண்வெட்டியோடு கான் வெட்டுபவருக்குச் சம்பளம் தருவது தோட்டம். அவர் செய்யும் வேலையின் பயன் எவ்வளவு தூரம் போகிறது என்பதை அவருக்கு யாரும் சொல்வதில்லை.

கடைசியாக ஹிக்கடுவைக்குப் போய்வந்தபோது பையின் மடிப்பில் கொஞ்சம் மணல் ஒட்டி வந்துவிட்டது. அதைத் தட்டிச் சோசரில் போட்டு, கல் வியாபாரம் செய்யும் நண்பரின் பத்து மடங்குக் கண்ணாடியால் பார்த்தேன். பளிங்குபோல் தெளிந்த மணிகள் சில. அவற்றுக்கிடையே கருஞ்சிவப்பாக ஒன்றிரண்டு. அவை கார்னட் என்று நண்பர் பார்த்த மாத்திரத்தில் சொன்னார், எங்கள் இல்லத்திலும் கிடப்பதுதான். மிச்சமெல்லாம் மூலை மழுங்கிய வெள்ளைத் துணுக்குகள். குசினியிலிருந்து வினாகிரியைக் கொண்டுவந்து ஒரு கரண்டி ஊற்றினேன். பளிங்கும் கார்னட்டும் அப்படியே கிடந்தன. வெள்ளைத் துணுக்குகளிலிருந்து குமிழி குமிழியாகக் கிளம்பியது, சிப்பியும் முருகையும் சுண்ணாம்பு ஆதலால் அப்படித்தான் பொங்கும். நண்பர் கண்ணாடியை வாங்கி, கல் பார்க்கிற அதே கவனத்தோடு, கடைசிக் குமிழி அடங்கும்வரை குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.